அந்த ஐந்து பெண்களும் ‘அப்படிப்பட்டவர்கள்’தானா? ஒரு வாசகிக்குப் பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்துவிட்டேன். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

வயது 36. பள்ளியில் படிக்கும் மகன் ஒருவன். கணவரைப் பிரிந்து மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறார். பெரியவர்கள் முன்னிலையில் ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், ஒருவரை ஒருவர் எதுவும் கேட்க மாட்டோம்’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் தோழியோடு சேர்ந்து உண்மைக் குற்றச் சம்பவங்களைச் சொல்லும் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார். அடுத்த தொடர், 1888ல் லண்டன் வொய்ட்சேப்பல் பகுதியில் நடந்து இன்றுவரை துப்புத் துலங்காத கொலைகள் பற்றியது. அடையாளம் தெரியாத அந்தக் கொலைகாரனை ‘ஜாக் த ரிப்பர்’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தோழி வைத்திருக்கும் தலைப்பு: ‘ஐந்து விலைமாதர்கள், ஒரு மர்ம டாக்டர்’. இவருக்கு அது பிடிக்கவில்லை. வாக்குவாதத்தில் தோழி, “வீட்டோட ஒழுங்கா இருந்திருந்தா அவங்களுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது என்று எழுதுகிறார் வாசகி.

அவர் கேட்பது நான்கு விஷயங்கள். ஐந்து பேரும் உண்மையிலேயே பாலியல் தொழில் செய்தவர்களா? கணவனைப் பிரிந்தவர்கள் கோர்ட்டுக்கோ அரசு விடுதிக்கோ ஏன் போகவில்லை? இறந்து 130 வருடத்துக்கு மேலானவர்களைப் பற்றி என்ன பேசினாலும் சட்டச் சிக்கல் வராதுதானே? கடைசியாக, தயங்கித் தயங்கி, அந்த முத்திரைத்தாளைப் பற்றி.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஐந்து பேரும் பாலியல் தொழில் செய்தவர்கள் என்பதற்கு நிரூபணம் இல்லை. ஒருவர்கூடச் செய்ததில்லை என்று மறுகோடிக்குப் போய்விடவும் வேண்டாம், அதற்கும் ஆதாரம் இடம் தராது. மேரி ஜேன் கெல்லி அந்தத் தொழிலில் இருந்ததாக அவரோடு வாழ்ந்த ஜோசப் பார்னெட்டே மரண விசாரணையில் சொன்னார். எலிசபெத் ஸ்ட்ரைட் சுவீடனில் பிறந்தவர். வீட்டு வேலை செய்துவந்த அவர் 1865 மார்ச்சில், 21 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது கோத்தன்பர்க் நகரப் போலீஸ் பாலியல் தொழிலாளர் பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றியது. அடுத்த மாதம் குழந்தை இறந்தே பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. மறு வருடம் லண்டன் வந்தார், 1869ல் ஒரு தச்சரைக் கல்யாணம் செய்துகொண்டார், இருவருமாகக் காபிக் கடை நடத்தினார்கள். காபிக் கடை நடத்திய அந்த வருடங்களை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

கேத்தரின் எடோஸ் அந்தத் தொழில் செய்யவில்லை என்று அவரோடு வாழ்ந்த ஜான் கெல்லி சொன்னார். அவர்கள் தங்கிய விடுதியின் மேற்பார்வையாளரும் அதையே சொன்னார். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன் இருவர் விஷயத்தில் சாட்சியம் மெலிதானது. கையில் காசில்லாத இரவுகளில் அவர்கள் அந்த வழிக்கும் போயிருக்கலாம் என்று தோழிகளின் வாக்குமூலத்திலிருந்து ஊகிக்கலாம், அதற்கு மேல் போக முடியாது. போலீஸ் அறிக்கைகளில் மட்டும் அந்தச் சொல் தயங்காமல் விழுந்தது. இத்தனைக்கும் முந்தைய வருடம்தான் எலிசபெத் காஸ் என்ற தையல்காரப் பெண்ணை ரீஜன்ட் தெருவில் தவறாகக் கைது செய்து லண்டன் போலீஸ் பெரும் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தது. ஒரு பெண் தானே ஒப்புக்கொண்டாலோ, அந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தாலோ ஒழிய அவளைப் பாலியல் தொழிலாளி என்று போலீஸார் அழைக்கக்கூடாது என்ற உத்தரவும் அதன் பிறகு வந்தது. பிணவறையில் கிடந்த பெண்களுக்கு அந்த உத்தரவு உதவவில்லை.

‘ஐந்து’ என்ற எண்ணிக்கையையும் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள். 1894ல் மெல்வில் மக்நாட்டன் என்ற போலீஸ் உயர் அதிகாரி எழுதிய உள்குறிப்பிலிருந்து நிலைத்த எண் அது. வொய்ட்சேப்பல் கொலைகள் என்ற போலீஸ் கோப்பில் 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை மொத்தம் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. ‘மர்ம டாக்டர்’ என்பதும் அப்படித்தான். கொலைகாரனுக்கு உடற்கூறு தெரியுமா என்பதில் அன்றைய மருத்துவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒரு கசாப்புக்காரருக்கு இருக்கும் அறிவுகூட அவனுக்கு இல்லை என்று எழுதினார் டாக்டர் தாமஸ் பாண்ட்.

நான்கு பென்னிக் கணக்கு

உங்கள் தோழியின் கேள்விக்கு உண்மையான பதில் இந்தப் பெண்களின் வரவு செலவில் இருக்கிறது. ஜீவனாம்ச வழக்கு நடத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நிக்கல்ஸை எல்லோரும் பாலி என்றே அழைத்தார்கள். பூட்டு வேலை செய்தவரின் மகள். 18 வயதில், 1864ல், அச்சக வேலை செய்த வில்லியம் நிக்கல்ஸைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள். தொழிலாளர்களுக்காகக் கட்டிய பீபாடி குடியிருப்பில் கௌரவமான வாடகை வீடு. 1880 வாக்கில் குடும்பம் உடைந்தது. பிரசவத்துக்குத் துணையாக வந்த பெண்ணோடு மருமகனுக்குத் தொடர்பு ஏற்பட்டது என்றார் பாலியின் தந்தை. இல்லை, அவள் குடித்தாள் என்றார் கணவர். இரண்டும் மரண விசாரணையின்போது வெளியே வந்த பேச்சுகள். எந்தக் குடும்ப நீதிமன்ற வராந்தாவிலும் இன்றைக்கும் கேட்கலாம்.

பிரிந்தபின் கணவர் வாரம் 5 ஷில்லிங் கொடுத்துவந்தார். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி. பலர் சேர்ந்து தூங்கும் விடுதியில் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு வாடகை 4 பென்னி. வாரத்துக்கு 28 பென்னி. 5 ஷில்லிங்கில் படுக்கை போக 32 பென்னி மிஞ்சும். ரொட்டியும் டீயுமாக உயிர் பிழைக்கலாம். 1882ல் அந்தப் பணம் நின்றது. பாலியின் நடத்தை சரியில்லை என்று கணவர் சொன்னார், நிவாரண அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின் ஆறு வருடம் ஏழை விடுதி, தந்தை வீடு, திரும்ப ஏழை விடுதி என்று அலைச்சல்.

1888 மே மாதம் வான்ட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. தந்தைக்குக் கடிதம் எழுதினார். வீடு பெரியது, முன்னும் பின்னும் தோட்டமும் மரங்களும் இருக்கின்றன, வீட்டுக்காரர்கள் குடிக்காதவர்கள், பக்தியானவர்கள், இங்கே நன்றாக இருப்பேன் என்று. இரண்டு மாதத்தில் அங்கிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை மறைக்காதீர்கள், இவர்களைப் புனிதர்கள் ஆக்கினால் அதுவும் பொய்தான். ஆகஸ்ட் 31 அதிகாலை த்ரால் தெரு விடுதியில் 4 பென்னி இல்லாததால் வெளியே அனுப்பப்பட்டார். புதுத் தொப்பியைக் காட்டி, காசு சீக்கிரம் கிடைத்துவிடும் என்று சிரித்துக்கொண்டே போனார். இரண்டரை மணிக்கு ஒரு தோழி அவரைத் தெருவில் பார்த்தார். 3.40 வாக்கில் பக்ஸ் ரோ தெருவில் உடல் கிடந்தது. உள்பாவாடையில் லாம்பெத் ஏழை விடுதியின் முத்திரை இருந்தது.

ஆனி சாப்மன் கணக்கும் அதேதான். கணவர் வின்ட்சர் பக்கம் ஒரு பெரிய வீட்டில் குதிரைவண்டி ஓட்டியவர். மூத்த மகள் 12 வயதில் 1882ல் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். மகனுக்கு உடல் ஊனம். ஆனிக்குக் குடிப்பழக்கம். பிரிந்தார்கள். வாரம் 10 ஷில்லிங் வந்தது. 1886 கிறிஸ்துமஸ் அன்று கணவர் இறந்தார். பணம் வராமல் போய் விசாரித்தபோதுதான் ஆனிக்கே அது தெரிந்தது. இங்கிலாந்தில் விதவைகளுக்கான அரசு ஓய்வூதியச் சட்டம் வந்தது 1925ல். பின்னல் வேலை செய்து விற்றார், பூ விற்றார். 1888 செப்டம்பர் 8 அதிகாலை டார்செட் தெரு விடுதியில் படுக்கைக்குக் காசில்லை. ‘என் கட்டிலை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். விடிகாலையில் ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் பின்கட்டில் கண்டெடுக்கப்பட்டார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஜார்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ், நுரையீரலிலும் மூளை உறையிலும் நோய் முற்றியிருந்ததையும் உடல் வறுமையில் வாடியிருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். கொலைகாரன் வராவிட்டாலும் அவர் அதிக நாள் இருந்திருக்க மாட்டார்.

உழைத்துத் தனியாக வாழ முடியாதா என்று உங்கள் நேயர்கள் கேட்பார்கள். அதே 1888 கோடையில், அதே கிழக்கு லண்டனில், பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவந்தார் அன்னி பெசன்ட். பின்னாளில் நம் அடையாறுக்கு வந்து வாழ்ந்தாரே, அவரேதான். 16 வயதுப் பெண் ஒருத்தியின் வாரக் கூலி 4 ஷில்லிங் என்று எழுதினார். படுக்கைக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். மேரி ஜேன் கெல்லியின் ஒற்றை அறைக்கு வார வாடகை 4 ஷில்லிங் 6 பென்னி. பார்னெட்டுக்கு மீன் சந்தை வேலை போனது. நவம்பர் 9ஆம் தேதி வாடகை பாக்கி 29 ஷில்லிங் கேட்டு வந்த ஆள்தான் ஜன்னல் வழியாக உடலைப் பார்த்தார்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

சட்டம் இருந்தது. 1857 சட்டப்படி கணவன், மனைவியின் தகாத உறவு ஒன்றை மட்டும் காட்டி விவாகரத்து வாங்கலாம். மனைவிக்கு அது போதாது. தகாத உறவோடு கொடுமையோ, இரண்டு வருடம் கைவிட்டதோ, அது போன்ற வேறொன்றோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அதற்கான செலவு அச்சகத் தொழிலாளியின் மனைவிக்கு எட்டாதது. 1878ல் ஒரு சட்டம், மனைவியைக் கடுமையாகத் தாக்கித் தண்டனை பெற்ற கணவனிடமிருந்து பிரிந்து வாழும் உத்தரவும் ஜீவனாம்சமும் தர மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் கொடுத்தது. 1886ல் இன்னொன்று, கைவிடப்பட்ட மனைவிக்கு வாரம் 2 பவுண்டு, அதாவது 40 ஷில்லிங் வரை வாங்கித்தர வழி செய்தது. இரண்டிலும் ஒரே பூட்டு: மனைவிக்கு வேறு உறவு இருந்ததாக நிரூபித்தால் ஒன்றும் கிடைக்காது.

இந்தப் பொறியைத்தான் நீங்கள் தொடரில் விளக்க வேண்டும். விவாகரத்து வாங்கப் பணமில்லை, அதனால் மறுமணம் முடியாது. தனியாக வாழக் கூலி போதாது, அதனால் ஒரு துணையோடு சேர்ந்துகொள்கிறார். சேர்ந்த அன்றே ‘நடத்தை கெட்டவள்’ ஆகிவிடுகிறார், ஜீவனாம்சம் போகிறது. வீட்டோடு ‘ஒழுங்காக’ இருப்பதற்கு முதலில் வீடு வேண்டும்.

இது தூர தேசத்து அநியாயம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த 1857 சட்டத்தின் பாரபட்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டது நம் 1869ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டம். இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் அதிலிருந்து விடுபட்டது 2001 திருத்தத்தில்தான்.

அரசு விடுதி இருந்ததே?

இருந்தது, இவர்களில் சிலர் போய் வந்தவர்கள்தான். ஆனால் ‘அரசு விடுதி’ என்றதும் நீங்கள் இன்றைய மகளிர் காப்பகத்தை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வொர்க்ஹவுஸ் என்ற அந்த ஏழை விடுதியின் கொள்கையே, உள்ளே இருக்கும் வாழ்க்கை வெளியே இருக்கும் மிகக் கடைசி ஏழையின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது. 1834ல் அப்படித்தான் அமைத்தார்கள். குடும்பங்களைப் பிரித்துப் போடுவார்கள். சீருடை. பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்து நாராக்கும் வேலை. ஒரு இரவு மட்டும் தங்க வருபவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. 1882 சட்டப்படி அங்கே சேர்ந்தால் மறுநாள் முழுக்க வேலை பார்த்து, அதற்கடுத்த காலை 9 மணிக்குத்தான் வெளியே வர முடியும். அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு நாள் கூலி போச்சு.

கேத்தரின் எடோஸின் கடைசி நாட்களைப் பாருங்கள். உல்வர்ஹாம்ப்டனில் தகர வேலை செய்தவரின் மகள், பதினைந்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். செப்டம்பரில் ஜான் கெல்லியோடு கென்ட் பகுதிக்கு, பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பறிக்கும் கூலி வேலைக்கு நடந்தே போனார். வெறுங்கையோடு லண்டன் திரும்பினார்கள். ஒரு நாள் ஜானுக்கு ஆறு பென்னி கிடைத்தது. நாலு பென்னியில் நீ கட்டிலில் படு, நான் இலவச விடுதிக்குப் போகிறேன் என்றார் கேத்தரின். ஜானின் பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்து டீயும் சர்க்கரையும் வாங்கினார்கள். 29ஆம் தேதி இரவு எட்டரை மணிக்குக் குடிபோதையில் ஆல்ட்கேட்டில் இருந்த கேத்தரினைப் போலீஸ் கொண்டுபோனது. பிஷப்ஸ்கேட் காவல் நிலையத்தில் பத்திரமாகத்தான் இருந்தார். போதை தெளிந்ததும் இரவு ஒரு மணிக்குத் தனியாக வெளியே விட்டார்கள். ஊரே கொலைப் பீதியில் இருந்த மாதம் அது. முக்கால் மணி நேரத்தில் மைட்டர் சதுக்கத்தில் உடலை ஒரு போலீஸ்காரர் கண்டார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், பெர்னர் தெருவில் எலிசபெத் ஸ்ட்ரைட். கேத்தரினின் உடலோடு இருந்த பொருட்களைப் போலீஸ் பட்டியல் போட்டது. டீத்தூளும் சர்க்கரையும் வைத்த தகர டப்பாக்கள், அடகுச் சீட்டுகள், தையல் விரலுறை, ஒற்றைக் கையுறை, பன்னிரண்டு துண்டு வெள்ளைத் துணி. வைக்க வீடு இல்லாததால் எல்லாமே மேலேயே இருந்தன.

எனக்கு அந்தப் பட்டியலை வாசிக்கும்போது கொலைகாரன் யார் என்ற ஆர்வமே போய்விடுகிறது. ஒரு மணிக்கு அவரை வெளியே அனுப்பியவர், எங்கே தூங்குவாய் என்று ஏன் கேட்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

உங்கள் சேனலுக்கு

இறந்தவர்களைப் பற்றி எதுவும் பேசலாம் என்பது இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். நம் சட்டம் கொஞ்சம் வேறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356ன் விளக்கப்படி, இறந்தவர்மேல் அவதூறு சொல்வதும், அது குடும்பத்தாரைப் புண்படுத்தும் எண்ணத்தோடு இருந்தால், குற்றமாகலாம். 1888 விஷயத்தில் உங்களுக்கு ஆபத்து அநேகமாக இல்லை. ஆனால் அடுத்து நம்மூர் வழக்குகளுக்குப் போவீர்கள். அங்கே இந்த விளக்கமும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை, அவர் இறந்திருந்தாலும், வெளியிடத் தடை செய்யும் பிரிவு 72ம் நிஜமாகவே கடிக்கும். இந்தத் தொடரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

பிணவறைப் படங்களுக்குப் பதிப்புரிமைத் தொல்லை வராது, யூடியூப் வயதுக் கட்டுப்பாடு போடலாம். போட வேண்டாம் என்பது என் ஆலோசனை. ஆனியும் அவர் கணவரும் கல்யாணக் காலத்தில் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று கிடைக்கிறது, அதைப் போடுங்கள். தலைப்பை மாற்றச் சொல்லித் தோழியோடு சண்டை போட வேண்டாம். ‘விலைமாதர்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் விஷயத்திலும் என்ன சாட்சியம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால் அவரே மாற்றுவார். மேரி ஜேனைப் பற்றிப் பேசும்போதும் குரலைத் தாழ்த்தாதீர்கள். அந்தத் தொழில் செய்தவர் என்பதால் அவருடைய சாவு மலிவாகிவிடாது.

அந்த முத்திரைத்தாள்

கடைசியாக நீங்கள் தயங்கிக் கேட்டது. சகோதரி, அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. சட்டப்படி நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. அதன் நான்காவது உட்பிரிவில், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று இருக்கிறது. தகாத உறவில் வாழ்ந்தாலும் இல்லை. ஆமாம், பாலி நிக்கல்ஸ் காலத்துப் பூட்டேதான், இன்னும் தொங்குகிறது. ‘மனமொத்து’ என்ற அந்த வார்த்தையை உங்கள் கணவர் தரப்பு கோர்ட்டில் காட்டும்.

அதற்காகப் பயப்பட வேண்டாம். இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அதை வைத்து மட்டும் ஜீவனாம்ச உரிமையை முழுசாக அடைத்துவிட முடியாது. எந்தச் சூழ்நிலையில், யார் வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பது முக்கியம். மகனுக்கான பராமரிப்புத் தொகையை நீங்கள் எழுதிக் கொடுத்த எந்தத் தாளும் பறிக்காது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், கணவரோடு வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையையும் கேட்கலாம். நீங்கள் கடிதத்தில் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு சம்பவங்கள் அதற்குள் வரும் என்றே எனக்குப் படுகிறது.

புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளின் நகல், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, மகனின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், கணவரின் வருமானம் பற்றிக் கையில் இருப்பது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். மகனுக்கான மனுவை முதலில் போடச் சொல்லுங்கள், உங்களுடையது அடுத்து வரட்டும்.